யான்புவில் ‘நல்லா இருக்கு’ என்று சொல்லக் கூடாது

ஜித்தா சரக்குக் கிடங்கில் ஒரு சுங்க அதிகாரிக்கு இட்லி என்றால் என்ன என்று விளக்க வேண்டி வந்தது. எனக்கு அரபி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. இரண்டு கைகளாலும் மாவு அரைத்துக் காட்டினேன், கரண்டியால் ஊற்றிக் காட்டினேன், ஆவி பறப்பதை விரல்களால் காட்டினேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது.

கோவையில் பெரிய வெட் கிரைண்டர் செய்யும் பட்டறை ஒன்றில் நான் மெக்கானிக். எண்பதுகளின் நடுப்பகுதி அது. சவுதியின் யான்புவில் புதிய தொழில் நகரம் எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே ஒரு கட்டுமானக் கம்பெனியின் கேம்பில் நம் ஊர்க்காரர்களும் இலங்கைத் தமிழர்களும் காலையில் ரொட்டி தின்று அலுத்துப்போய் இட்லி கேட்டிருக்கிறார்கள். கிரைண்டரைக் கொண்டுபோய்ப் பூட்டி, ஓட்டிக் காட்டிவிட்டு வா என்று முதலாளி என்னை அனுப்பினார். விமானம் ஏறியது அதுதான் முதல் முறை.

பெட்டியைத் திறந்ததும் அதிகாரிக்குக் கல்லின் மேல்தான் சந்தேகம். கறுப்புக் கருங்கல், உருளையாக, வழவழவென்று. அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். இருவரும் கல்லைச் சுற்றி வந்தார்கள், ஏதோ கும்பிடுகிற கல்லைக் கடத்தி வந்திருக்கிறான் என்கிற மாதிரி. எனக்கு வியர்த்துவிட்டது. அந்த நேரத்தில்தான் காதர் பாய் வந்து சேர்ந்தார். காயல்பட்டினத்துக்காரர், யான்புவில் கேம்ப் பக்கம் மளிகைக் கடை வைத்திருப்பவர். கிரைண்டரை வரவழைத்ததே அவர் மூலமாகத்தான்.

“தம்பி, நீங்க கைய ஆட்டாதீங்க. நான் பேசுறேன்” என்றார்.

அவர் அரபியில் சொன்னதைப் பிறகு எனக்குத் தமிழில் சொன்னார். இது மாவரைக்கிற கல். அந்த மாவில் செய்வது ஒரு ரொட்டி. வெள்ளையாக, வட்டமாக இருக்கும், புளிக்கும். புளிக்கிற ரொட்டியா, கெட்டுப்போனதா என்று அதிகாரி கேட்டாராம். கெட்டுப்போகவில்லை, உங்கள் லபன் இருக்கிறதே, அந்த மோர் ரொட்டியாகிப்போனால் எப்படி இருக்கும், அதுதான் என்றாராம் பாய். அதிகாரி கொஞ்ச நேரம் யோசித்தார். உதட்டைச் சப்புக்கொட்டிப் பார்த்தார். பிறகு கல்லைத் தட்டிக்கொடுத்து ‘யல்லா’ என்று அனுப்பிவிட்டார்.

கடலோரமாகவே போகும் சாலை. பாயின் பிக்கப்பில் ஏசி செத்துப் பல காலம். ராபிக் என்ற ஊர் தாண்டியதும் டயர் வெடித்தது. மாற்று டயர் எங்கே என்று கேட்டேன். வண்டியின் பின்தட்டில், என் கல்லுக்கு அடியில். நானும் பாயும் வெயிலில் கல்லை இறக்கப் பார்த்தோம், அது அசைய மறுத்தது. ஆடுகளை ஏற்றிக்கொண்டு போன ஒரு பதூ, பாலைவனத்து இடையர், வண்டியை நிறுத்தினார். மூவருமாக இறக்கி, டயரை மாற்றி, திரும்ப ஏற்றினோம். போகும்போது அவர் ஒரு கை பேரீச்சம்பழம் கொடுத்தார். எங்கள் பக்கத்து நெடுஞ்சாலையில் லாரி நின்றால், உதவிக்கு வருகிறவர் முதலில் எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டு முடித்த பிறகுதான் ஸ்பேனரைத் தொடுவார். இவர் என் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

கேம்ப் மெஸ்ஸின் சமையல்காரர் மருதமுத்து. இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்காரர், நாற்பது வயதிருக்கும். கல்லைப் பார்த்ததும் குழந்தையைப் பார்த்த மாதிரி முகம் மலர்ந்தது. மறுநாள் பூட்டி ஓட்டினேன். ஓடிய சத்தமே சரியில்லை. எங்கள் ஊர்க் கரண்டு ஐம்பது சைக்கிள், இந்த நாட்டில் அறுபது. பட்டறையில் ஒருத்தருக்கும் அது தோன்றவில்லை, எனக்கும்தான். கல் வேகமாகச் சுற்றியது, மாவு சூடேறியது. அடுத்த நாள் காலையில் மாவு அண்டாவை விட்டு வழிந்து தரையில் நின்றது.

சமையலறைக் கதவைத் திறந்ததுமே புளித்த வாடை என் மூக்கில் அறைந்தது. மருதமுத்து அந்த அண்டாவின் பக்கத்தில்தான் நின்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். பொங்கி வழிந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே பதறினார். எனக்கு அது விசித்திரமாகப் பட்டது.

அதே நேரம் ஸ்டோர்கீப்பர் யோகராசா உள்ளே வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கண்ணாடி போட்ட ஒல்லி மனிதர். அவருக்கு டியூட்டி எட்டு மணிக்கு, ஆறு மணிக்கே மெஸ்ஸில் என்ன வேலை என்று நினைத்தேன். அவர் சாம்பார்ச் சட்டியில் கரண்டியை விட்டு ஒரு சொட்டைக் கையில் ஊற்றி நக்கினார். “புளி சரி. கொத்தமல்லி பச்சை வாசம் போகேல்லை. அடியில பிடிக்கத் தொடங்குது, அடுப்பைக் குறையும்” என்றார். மருதமுத்து அடுப்பைக் குறைத்தார்.

என்னால் சும்மா இருக்க முடியாது. மத்தியானம் மருதமுத்துவிடமே கேட்டுவிட்டேன். அவரும் ஒளிக்கவில்லை. நோன்பு மாதத்துக்கு முன்னால் சமையலறையில் எண்ணெய் வழுக்கி விழுந்து பின்மண்டையில் அடி. அன்றைக்குப் போன மோப்பம் திரும்பவே இல்லை. உப்பு, புளிப்பு, கசப்பு, இனிப்பு நாக்குக்குத் தெரியும். மல்லியா சீரகமா, கருகுகிறதா இல்லையா, ஒன்றும் தெரியாது. கம்பெனி டாக்டரிடம் சொன்னால் சமையலுக்கு லாயக்கில்லை என்று எழுதி அனுப்பிவிடுவார்கள்.

அனுப்பினால் எங்கே போவது என்பதுதான் அவருடைய கேள்வி. கலவரத்தில் தோட்டத்து லயன் வீடு எரிந்துவிட்டது. மனைவியும் இரண்டு பெண்களும் வவுனியாவில் உறவுக்காரர் வீட்டில் ஒண்டியிருந்தார்கள்.

போதாததற்கு, சாம்பார் கருகிவிட்டது என்று மெஸ்ஸில் இரண்டு முறை புகார். கேம்ப் சூப்பரின்டெண்டென்ட் ராபின் என்ற இங்கிலாந்துக்காரர். சனிக்கிழமை காலை தானே வந்து சாப்பிட்டுப் பார்த்து, இந்தச் சமையல்காரர் வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்வதாகச் சொல்லியிருந்தார். என் கிரைண்டர் வேறு மருதமுத்துவின் தலையில் வந்து விடிந்திருக்கிறது.

சூட்டுக்கு வழி தேடினேன். ஐஸ் தண்ணீர் ஊற்றி அரைத்தால் மாவு அடங்கும். இவ்வளவு ஐஸுக்கு எங்கே போவது என்றதும் மருதமுத்து யோகராசாவின் அறைக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு பழைய பிரிட்ஜ், அதன் மேல் தட்டு நிறைய ஐஸ். கீழ்த் தட்டுகளில் திராட்சை ரசம் விற்கும் கம்பிமூடிப் பாட்டில்கள். உள்ளே இருந்தது திராட்சை ரசம் இல்லை என்பது எனக்கே புரிந்தது.

போதையில்லாத மால்ட் பானம் டின்னில் கடையில் கிடைக்கும். அதைக் குடிதண்ணீர்க் கேனில் கொட்டி, சர்க்கரையும் ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட்டும் சேர்த்துக் குளியலறை மூலையில் வைத்தால் சில நாளில் பியர் ஆகிவிடும். பேச்சில் அதற்கு ‘ஊறுகாய்’ என்று பெயர். பிடிபட்டால் ஜெயில், சவுக்கடி, பிறகு ஊருக்கு விமானம். டின்களைப் பெட்டிபெட்டியாக விற்பவர் காதர் பாய். அவர் குடிக்க மாட்டார், வாடையே ஆகாது. எதற்கு இத்தனை என்று அவர் கேட்டதில்லை, யோகராசாவும் மற்றவர்களும் சொன்னதில்லை.

எங்கள் ஊரில் அரசாங்கம் சாராயக் கடையைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்த காலம். மூடிய நாளில் குடிக்கிறவன் கண்டதையும் குடித்துவிட்டு ரோட்டில் கிடப்பான். இங்கே சவுக்கடிக்கு நடுவில் இவர்கள் வடிகட்டி, ஆறவைத்து, வாரம் ஒருமுறை ஒரு சின்ன டீ கிளாஸில் முகர்ந்து முகர்ந்து குடித்தார்கள். எனக்கு ஒரு கிளாஸ் கொடுத்தார் யோகராசா. குடித்துவிட்டு நல்லா இருக்குங்க என்றேன்.

“இந்த அறையில நல்லாயிருக்கு எண்டு சொல்லக் கூடாது. கூடாது எண்டும் சொல்லக் கூடாது. என்ன மாதிரி இருக்கு எண்டுதான் சொல்ல வேணும்” என்றார். அவர்கள் பேச்சில் ‘கூடாது’ என்றால் நன்றாக இல்லை என்று பொருள்.

அந்தச் சட்டம் வந்த கதையை அவரே சொன்னார். ஒரு வெள்ளிக்கிழமை ஒரு கேன் கெட்டுப்போய் அழுகிய முட்டை மாதிரி நாறியிருக்கிறது. எல்லாரும் மூக்கைப் பிடித்தபோது மருதமுத்து மட்டும் நிதானமாகக் குடித்து, நல்லா இருக்கு என்றாராம். அன்றுதான் விஷயம் வெளிப்பட்டது. அதிலிருந்து ஒவ்வொருவரும் குடித்ததை அங்குலம் அங்குலமாக விவரிக்க வேண்டும், அவருக்கு விளங்கும்படி. நல்லா இருக்கு என்றால் மூக்கு இல்லாத மனிதனுக்கு என்ன கிடைக்கும்?

நான் இன்னொரு வாய் குடித்தேன். யோசித்து, பொள்ளாச்சித் தென்னங்கள் சாயங்காலம் புளிக்கும் புளிப்பு, விழுங்கின பிறகு ஈரக் கோணிச்சாக்கு என்றேன். மருதமுத்து கண்ணை மூடிக் கேட்டார். “சாக்குல அரிசி இருந்துச்சா, உரம் இருந்துச்சா?” என்றார். அரிசிதான் என்றேன். அவருக்குத் திருப்தி.

வியாழக்கிழமை ஒரு சிக்கல். யோகராசா காதர் பாய் கடையில் மால்ட் டின் வாங்கிக்கொண்டிருக்கும்போது பின்னால் ராபின் நின்றிருக்கிறார். அவர் தள்ளுவண்டியிலும் அதே டின்கள், அதே ஈஸ்ட். இரண்டு பேரும் ஒருவர் வண்டியை ஒருவர் பார்த்தார்கள். பேச்சே தேவைப்படவில்லை. வெள்ளிக்கிழமையா, எத்தனை மணிக்கு என்று மட்டும் ராபின் கேட்டாராம்.

மேலதிகாரி வருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்ல முடியுமா? யோகராசா திரும்பி வந்து மருதமுத்துவை நாளைக்கு வரவேண்டாம் என்றார். ராபினுக்கு முன்னால் மோப்பத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் சனிக்கிழமை வரைகூடத் தாங்காது. நானும் அதையே சொன்னேன். மருதமுத்து வெங்காயத்தை நறுக்கி முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.

“மறைச்சு சனிக்கிழமை ஜெயிச்சிரலாம். ஞாயித்துக்கிழமை என்னா செய்றது?”

வெள்ளிக்கிழமை மத்தியானம் ராபின் பேட்மின்டன் பையோடு வந்தார். உள்ளே மட்டை இல்லை, மூன்று பாட்டில்கள். வெயிலில் கழுத்து செங்கல் நிறமாகிப்போன நெட்டை மனிதர். ஜன்னலில் போர்வை தொங்கியது. மருதமுத்து ஒரு தட்டில் பருப்பு வடையோடு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். யோகராசா அவரைப் பார்த்து முறைத்தார்.

சட்டத்தை யோகராசா ஆங்கிலத்தில் விளக்கினார், காரணத்தை விட்டுவிட்டு. ராபினுக்கு ஒரே மகிழ்ச்சி. முதலில் யோகராசாவின் சரக்கு, யாழ்ப்பாணத்துப் பனங்கட்டி, நம் ஊர்க் கருப்பட்டி, போட்டது. ராபின் முகர்ந்து, உருட்டி, விழுங்கினார். ‘நனைந்த நாய். ஆனால் எனக்குப் பிடித்த நாய்’ என்றார். எல்லாரும் சிரித்தோம். அடுத்தது மதீனாப் பேரீச்சம்பழப் பாகு ஊற்றியது. பஞ்சாமிர்தம் வைத்துக் கழுவாமல் விட்ட பித்தளைக் கிண்ணம் என்று யோகராசா தன் சரக்கையே குறை சொன்னார்.

மூன்றாவது ராபினுடையது. ஊரிலிருந்து தேயிலைப் பொட்டலத்துக்குள் ஒளித்துக் கொண்டுவந்த ஹாப்ஸ் என்கிற பூவைப் போட்டுச் செய்தாராம். பியருக்குக் கசப்பும் மணமும் தருவது அந்தப் பூதான். கிளாஸை மூக்கருகே கொண்டுபோனதும் நான் அசந்துபோனேன். யோகராசா தோடம்பழத் தோலை, நம் ஆரஞ்சுத் தோலைத்தான், நகத்தால் கிள்ளின மாதிரி என்றார். எனக்கு வேப்பம்பூ உதிர்ந்த வாசல் ஞாபகம் வந்தது. ராபின் பூரித்துப்போய் மருதமுத்துவின் பக்கம் திரும்பினார். நீங்கள் சமையல்காரர், உங்கள் மூக்கு என்ன சொல்கிறது என்றார்.

மருதமுத்து ஒரு வாய் குடித்தார். “நாக்குல ரெண்டு பக்கமும் கசப்பு. கடைசியில லேசா இனிப்பு. நுரை சின்னச் சின்னதா குத்துது. அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க, மூக்கு செத்துப்போச்சு.”

யோகராசா கசப்பையும் இனிப்பையும் நுரையையும் மொழிபெயர்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். மருதமுத்துவுக்கு அவ்வளவு ஆங்கிலம் தெரியாது. ஆனால் வாக்கியம் குட்டையாக இருந்தது தெரிந்துவிட்டது.

“முழுசாச் சொல்லுங்கண்ணே” என்றார்.

யோகராசா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு முழுவதையும் சொன்னார். ராபின் கிளாஸைக் கீழே வைத்தார். எவ்வளவு காலமாக என்று கேட்டார், சொன்னோம். அப்படியானால் சாம்பாரை ருசி பார்ப்பது யார் என்று கேட்டார்.

“நான்” என்றார் யோகராசா. தினமும் விடியற்காலையில். சாம்பார் கருகிய இரண்டு நாளும் அவர் சாமான் எடுக்க ஜித்தா போயிருந்த நாட்கள்.

காஸ் கசிந்தால் உனக்குத் தெரியுமா என்று ராபின் மருதமுத்துவிடம் கேட்டார். தெரியாது என்றார் மருதமுத்து. நாளைக் காலை மெஸ்ஸுக்கு வருவேன், அதில் மாற்றம் இல்லை என்று சொல்லிவிட்டு ராபின் எழுந்தார். அவர் திறந்த பாட்டில் பாதியோடு அங்கேயே இருந்தது.

எனக்கு மருதமுத்து மேல் கோபம்தான் வந்தது. அரை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் குறைந்தா போயிருக்கும் என்று அவரிடமே கேட்டேன். அவர் வடைத் தட்டைக் கழுவிக்கொண்டே, காஸைப் பற்றி அவர் கேட்டது நியாயந்தானே, பக்கத்து அறையில் அத்தனை பேர் தூங்குகிறார்கள் என்றார். அந்த நினைப்பு அவரை ரொம்ப நாளாக அரித்துக்கொண்டிருந்திருக்கிறது. மாலையில் ஐஸ் தண்ணீர் ஊற்றி மாவரைத்தோம், தொட்டுப் பார்த்தால் சில்லென்று இருந்தது.

சனிக்கிழமை காலை மாவு அண்டாவின் கழுத்துவரை பொங்கி நின்றது, ஒரு சொட்டு வழியவில்லை. என் பங்கு தப்பித்தது. யோகராசா வழக்கம்போல் கரண்டியை எடுத்தார். மருதமுத்து அதை மெல்ல வாங்கிக்கொண்டு, இன்றைக்கு நீங்கள் ருசி பார்க்க வேண்டாம் என்றார். அடுப்பைச் சின்னதாக வைத்து, கரண்டியை அடியில் தடவித் தடவி, கண்ணாலும் காதாலும் அந்த சாம்பாரைச் செய்தார். யோகராசா வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். எனக்கும் கை சும்மா இருக்கவில்லை, துடைத்த கிரைண்டரையே துடைத்துக்கொண்டிருந்தேன்.

ராபின் வரிசையில் நின்று தட்டில் வாங்கினார். இட்லியைக் கரண்டியால் வெட்டி சாம்பாரில் நனைத்துச் சாப்பிட்டார். மெஸ்ஸில் பாதிப் பேர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். பிறகு தட்டோடு எழுந்து நேரே மருதமுத்துவிடம் வந்து, யோகராசாவைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

‘இது ரொம்ப...’ என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். இன்னொரு வாய் சாப்பிட்டுவிட்டு, மெதுவாக, யோகராசா மொழிபெயர்க்க இடம் விட்டு விட்டுப் பேசினார்.

‘முதலில் மழை பெய்த மண். அப்புறம் என் அப்பாவின் தோட்டக் கொட்டகை, அங்கே அவர் விதை காயவைப்பார். தக்காளிச் செடியின் இலையைக் கசக்கிய விரல். எங்கேயும் கருகல் இல்லை.’

மருதமுத்து கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். ராபின் தொடர்ந்தார். இனிமேல் காஸ் திறக்கவும் மூடவும் இன்னொரு ஆள் கூடவே இருப்பான். ருசி பார்க்க யோகராசா வருவதற்கு ஓவர்டைம் கிடையாது. சமையல்காரர் மாற மாட்டார்.

சட்டென்று எனக்கு அழுகை வந்துவிட்டது. வெங்காயம் நறுக்கிய பலகைப் பக்கம் போய் நின்றுகொண்டேன், கேட்டால் சொல்ல ஒரு காரணம் இருக்கட்டும் என்று.

மருதமுத்து கண்ணைத் திறந்தார். கும்பிடவும் இல்லை, நன்றி சொல்லவும் இல்லை. யோகராசாவிடம் கவலையோடு, “பெருங்காயத்தப் பத்தி ஒண்ணும் சொல்லலியே, கேளுங்க” என்றார்.

பெருங்காயம் என்றால் என்ன என்று ராபினுக்குத் தெரியவில்லை. யோகராசா விளக்கப் பார்த்துத் தோற்றார். ராபின் இன்னொரு கரண்டி சாம்பாரை வாயில் வைத்துக்கொண்டு நெற்றியைச் சுருக்கினார்.

‘ஆரம்பத்தில், ஒரே ஒரு நொடி, அணைத்த தீக்குச்சி மாதிரி ஏதோ. அப்புறம் வறுத்த பூண்டு. ஏன், அது குற்றமா?’

யோகராசா சொல்லி முடித்ததும் மருதமுத்துவின் முகம் முழுக்கச் சிரிப்பு.

“அப்ப போட்டுட்டேன்” என்றார். “காலையிலருந்து சந்தேகமாவே இருந்துச்சு.”